பன்னிரண்டாவது சட்டை

வெள்ளவத்தை, கொழும்பு
08.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஷாமிலா எழுதுவது. நானும் என்னை விடாத சளியும் இங்கே சுகம். நீ எப்படி இருக்கிறாய், அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

போனில் கேட்டால் என்ன என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். கோயில் மேட்டில் ஏறினால்தான் சிக்னல். அங்கே நின்று நீ பேசினால் நம் லயத்து வீடுகளோடு கீழ் லயமும் சேர்ந்து கேட்கும். அதனால்தான் தாளும் பேனாவும்.

ஃபேஷன் டிசைன் படிப்பில் எனக்கு இது கடைசி வருடம். ஆறு உடுப்புகள் தைத்து மேடையேற்ற வேண்டும். தேயிலையின் இரண்டு இலையும் ஒரு மொட்டும் அச்சடித்த கவுன் ஒன்றை வரைந்து பெருமையோடு கொண்டுபோனேன். மிஸ் புரட்டிப் பார்த்தார். மலையிலிருந்து வருகிற பிள்ளைகள் எல்லாருமே இந்த இலையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றார். பிறகு, அந்த இலையைப் பறிக்கிறவர்கள் என்ன உடுத்துகிறார்கள், ஏன் அப்படி உடுத்துகிறார்கள் என்று கேட்டார். தெரியும் என்று வாயைத் திறந்தேன். சேலை என்றேன், பிறகு பாவாடை என்றேன், அதற்கு மேல் தெரியவில்லை, அக்கா. ஒரே காம்பராவில் உன்னோடு இத்தனை வருடம் இருந்தவள். காலையில் நீ உடுத்திப் போவதைப் போர்வைக்குள்ளிருந்து தினமும் பார்த்தவள். வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே கேட்கிறேன். காலிலிருந்து தலைவரை என்ன போடுகிறாய்? எதற்கு மேல் எது? ஏன் ஆம்பிளைச் சட்டை? ஒன்றையும் விடாமல் எழுது.

உடப்புசல்லாவையிலிருந்து அத்தை போனில் பேசினார். மதுரன் மச்சானுக்கு உன்னைப் பெண் கேட்டுத் தையில் வருவார்களாம், அப்பாவும் சரி என்றுவிட்டாராம். உனக்குச் சந்தோஷம்தானே?

உன் தங்கச்சி,
ஷாமிலா


மேற்பிரிவு, கந்தப்பளை
22.09.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்கால் மழைக்கு முதல் நாளே வலித்துச் சொல்லிவிடுகிறது, ரேடியோவை விட நம்பலாம். உன் சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் வாசனை பிடித்துவிட்டு இப்போது என்ன வாசனை என்று கேட்கிறாய். சரி, எழுதிக்கொள். அட்டைக்காகக் காலில் சவர்க்காரம். பழைய காற்சட்டை. அதற்கு மேல் பாவாடை. இடுப்பைச் சுற்றிப் படங்கு, அந்தத் தடித்த சாக்கு இல்லாவிட்டால் ஈரச் செடி உரசி வயிறு வரைக்கும் நனைந்துவிடும். தலையில் துண்டு, அதன்மேல் கூடைக் கயிறு. மழை வந்தால் எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள்.

ஆம்பிளைச் சட்டை ஏன் என்றால், துணி தடிப்பு, கை நீளம், செடிக் குச்சி கீறாது. முன்பக்கம் பொத்தான் என்பதால் கம்பளிப்பூச்சி உள்ளே விழுந்தால் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். பை இருப்பதால் அட்டைக்கு உப்பும் வெற்றிலையும் வைக்கலாம். உன் மிஸ்ஸிடம் சொல், எந்தக் கவுனில் உப்பு வைக்க இடம் இருக்கிறது?

இன்னொன்று உனக்குத் தெரிந்திருக்காது. எதிர் மலையில் நிற்கிறவளின் முகம் தெரியாது. சட்டைதான் தெரியும். "அந்தா போகுது செல்லசாமி சட்டை" என்றால் நாகலெட்சுமி அக்கா வருகிறாள் என்று அர்த்தம். வீட்டு ஆம்பிளையின் சட்டைதான் போடுவது. கல்யாணமான பெண் முதல் நாள் புருஷன் சட்டையோடு மலைக்கு வந்தால் அன்று முழுக்க அவளைக் கேலி செய்தே கொல்வார்கள். சட்டையை மாற்றிவிட்டாள் என்றால் வீட்டை மாற்றிவிட்டாள் என்று அர்த்தம்.

கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
பிரியந்தி


வெள்ளவத்தை
03.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கொத்தமல்லி குடித்தேன், சளி போய்விட்டது. நீயும் அப்பாவும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை மிஸ்ஸுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிங்களவர், வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். உப்புப் பை வந்த இடத்தில் சிரித்தார். சட்டை மாற்றுவது வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இலையைத் தூக்கிப் போடு, சட்டையைச் செய் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பன்னிரண்டு பழைய சட்டைகள் வேண்டும். உங்கள் கூட்டத்தில் கேட்டுப் பார். கிழிந்திருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றையும் தையல் பிரித்து, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று பார்க்கப்போகிறேன். தந்தவர்களுக்கெல்லாம் அதே அளவில் புதுச் சட்டை தைத்து அனுப்புவது என் பொறுப்பு. யாருடைய சட்டை என்று ஒரு பட்டியலும் வை. உன்னுடையதும் அதில் இருக்க வேண்டும்.

மதுரன் மச்சான் பற்றிக் கேட்டிருந்தேனே. எழுத மறந்துவிட்டாயா?

உன் தங்கச்சி,
ஷாமிலா


மேற்பிரிவு, கந்தப்பளை
24.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் நலம். தீபாவளிக்கு நீ வரமாட்டாய் என்று அப்பாவுக்குக் கவலை. அத்தை நாலு நாள் வந்து நிற்கப் போகிறார், அதனால் வீட்டைக் கழுவித் துடைத்து முடியவில்லை. அத்தையைத் தெரியும்தானே, வந்த கையோடு பெட்டியைத் திறந்து சேலைகளை எண்ணிப் பார்ப்பார்.

சட்டைகளை இதோடு அனுப்புகிறேன். புதுச் சட்டை என்றதும் கூட்டமே என் பின்னால் வந்துவிட்டது. ஒன்று நாகலெட்சுமி அக்காவுடையது. அவள் புருஷன் கொழும்பில் கடைக்காவல், அந்த உடுப்பின் தோள்பட்டி இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் போட்டால் எங்களை அதட்டி வேலை வாங்குகிற கண்டாக்கையாவே ஒரு அடி தள்ளித்தான் நிற்கிறார். இரண்டாவது மீனம்மா மாமியுடையது, மகன் கிஷாந்தின் பள்ளிச் சட்டை. வெள்ளை ஊத்தையாகும் என்று தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்தது. மற்றவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டாவது என்னுடையது. அப்பாவின் பழைய சட்டை.

கவனமாக வைத்துக்கொள். அவசரமில்லை, உன்னிடமே இருக்கட்டும்.

அக்கா,
பிரியந்தி


வெள்ளவத்தை
12.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய முறுக்கை போர்டிங் பிள்ளைகள் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். நான் சுகம். அத்தை ஊருக்குப் போய்விட்டாரா?

நான் இப்போது தையற்காரியா பொலிஸ்காரியா என்று எனக்கே தெரியவில்லை. சட்டைகளை வரிசையாக மேசையில் விரித்தேன். பதினொரு சட்டைகளிலும் முதுகில் ஒரே இடம் தேய்ந்திருக்கிறது, கூடை உரசுகிற இடம். நிலாவைப் போல வட்டமாக, நூல் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. என் தொகுப்பே அந்த வட்டம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆறு உடுப்பிலும் முதுகில் மெல்லிய துணி வைப்பேன்.

பன்னிரண்டாவதில் மட்டும் அந்த வட்டம் இல்லை. அக்கா, இந்தச் சட்டை கூடையையே பார்த்ததில்லை.

கழுத்து பதினாலரை. அப்பாவுக்குப் பதினாறு, போன பொங்கலுக்கு நான்தானே தைத்தேன். கை நீளம் இருபத்தைந்து அங்குலம். அப்பாவின் கை அவ்வளவு நீளமென்றால் வாசலில் நின்றபடியே அடுப்பில் கேத்தலை வைப்பார். இன்னும் ஒன்று. இடது கையிலும் நெஞ்சிலும் சின்னச் சின்ன ஓட்டைகள், நாற்பத்திமூன்று. ஒவ்வொன்றின் கரையும் கருகி இருக்கிறது. பூச்சி அரித்தால் கருகாது.

இது யாருடையது?

உன் தங்கச்சி,
ஷாமிலா


மேற்பிரிவு, கந்தப்பளை
20.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். இங்கே ஓயாத மழை. நம்பர் ஐந்து மலையில் மண் சரிந்து பாதை இல்லை, சுற்றிப் போகிறோம்.

அடுப்பில் ஈர விறகு வெடித்துத் தெறித்த பொறிதான் அந்த ஓட்டைகள். அப்பா அப்போது மெலிந்திருந்தார். படிக்கப் போன இடத்தில் படிப்பைப் பார்.

அக்கா,
பிரியந்தி


வெள்ளவத்தை
01.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விட்டதா? மலையில் கவனமாக நட. எனக்கு ஒரு குறையும் இல்லை, கேள்விகள்தான் குறையவில்லை.

விறகுப் பொறி என்றாயே, பரிசோதித்துப் பார்த்தேன். போர்டிங் அக்காவின் முற்றத்து அடுப்பின் முன் ஒரு பழைய சட்டையை மாட்டி வைத்தேன். பொறி கீழ்ப்பக்கத்தில்தான் விழுந்தது, ஓட்டைகளும் பெரிது பெரிதாக விழுந்தன. உன் சட்டையில் குண்டூசித் தலை அளவுதான், அதுவும் இடது கையில்தான் கூட்டமாக. தெருமுனையில் கேட் செய்கிற கடையில் போய் நின்றேன். அங்கே வேலை செய்கிறவர் வலது கையால் வெல்டிங் பிடிக்கிறார், இடது கையால் இரும்பைப் பிடிக்கிறார். அவருடைய இடது கைச் சட்டையைப் பார்த்தேன். அதே ஓட்டைகள், அக்கா.

கந்தப்பளையில் எத்தனை வெல்டிங் கடை இருக்கிறது?

சிரிப்பு இருக்கட்டும். மூன்று மாதமாக மதுரன் மச்சானைப் பற்றிக் கேட்கிறேன். ஒரு கடிதத்திலும் நீ பதில் எழுதவில்லை. அப்பா தன் தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், தை வருகிறது. உனக்கு இஷ்டமில்லை என்றால் சொல்ல இன்னும் ஆறேழு வாரம்தான் இருக்கிறது. அம்மா இருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பாய். இப்போது நான்தான் இருக்கிறேன்.

சட்டை வேலைக்காக ஒரே ஒரு கேள்வி. உன் புதுச் சட்டையைத் தைக்கும்போது அந்த ஓட்டைகளை விட்டுவிடவா, துணியில் அவற்றையும் கொண்டுவரவா?

உன் தங்கச்சி,
ஷாமிலா


மேற்பிரிவு, கந்தப்பளை
19.01.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. பொங்கல் நல்லபடியாக முடிந்தது. அத்தையும் மாமாவும் தை கடைசி ஞாயிறு தட்டோடு வருகிறார்கள்.

ஓட்டைகளை விட்டுவிடாதே.

அக்கா,
பிரியந்தி


வெள்ளவத்தை
30.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலத்தை இந்த முறை உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. நான் மூன்று கிழமையாகச் சரியாகத் தூங்கவில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன்.

உன் கடிதத்தில் இருந்த இரண்டு சொற்களை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. அதில் எல்லாமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பன்னிரண்டு புதுச் சட்டைகளையும் இதோடு அனுப்புகிறேன். ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயரைத் தாளில் எழுதிக் குத்தியிருக்கிறேன். முதுகில் கூடை படும் இடத்துக்கு இரட்டைத் துணி, உப்புக்குத் தனிப் பை. நாகலெட்சுமி அக்காவுக்குத் தோள்பட்டியும் வைத்தேன், கண்டாக்கையா தொடர்ந்து பயப்படட்டும்.

உன்னுடையது கரு நீலம். பழைய சட்டையை அதன்மேல் விரித்து, நாற்பத்திமூன்று ஓட்டைகளையும் ஊசியால் குறித்தேன். குறித்த ஒவ்வொரு இடத்திலும் செம்மஞ்சள் நூலால் ஒரு முடிச்சுப் போட்டேன். முடிந்ததும் எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். இப்போதுதான் பொறி பறந்து வந்து விழுந்ததைப் போல இருந்தது. இத்தனை வருடப் படிப்பில் நான் செய்ததிலேயே அழகானது இதுதான். மேடைக்கும் இதைப் போலவே ஒன்று செய்துவிட்டேன்.

போட்டுப் பார்த்து எழுது.

உன் தங்கச்சி,
ஷாமிலா


மேற்பிரிவு, கந்தப்பளை
13.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். அப்பா சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் ஒரு கிழமையாக அவர் என்னோடு பேசவில்லை.

நீ கொழும்புக்குப் போனதும் நம் தபால் எப்படி வரும் என்பதையே மறந்துவிட்டாய். கடிதமென்றால் உறையோடு கைக்கு வரும். பார்சல் என்றால் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து காலைப் பெரட்டுக்கு வரும். கண்டாக்கையா எல்லாரையும் நிறுத்தி வைத்து வேலை பிரித்துக் கொடுத்த பிறகு, தானே கயிற்றை வெட்டினார். ஒவ்வொரு சட்டையாகத் தூக்கிப் பிடித்துப் பெயரை வாசித்தார். பெண்கள் வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டார்கள். நாகலெட்சுமி அக்கா நடந்து காட்டினாள்.

கடைசியில் என் பெயர். தூக்கிப் பிடித்தார். வெயில் அப்போதுதான் மேட்டுக்கு வந்தது. நாற்பத்திமூன்று பொறியும் ஜொலித்தன. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. போன ஆனியில் நம் கோயில் கேட்டைப் பொருத்த வந்து மூன்று நாள் பொறி பறக்க நின்றவனை எல்லாரும்தான் பார்த்திருக்கிறார்கள். மீனம்மா மாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஆம்பிளைகள் வரிசையில் நின்றார். அங்கிருந்தே கேட்டார், "அது யாரு சட்டை?"

உங்கள் சட்டைதான் என்று சொல்லியிருக்கலாம். அவர் தலையாட்டியிருப்பார். நாற்பது பேரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டிருப்பார்கள். தை கடைசி ஞாயிறு தட்டு வந்திருக்கும்.

"ஜெரோமியோட சட்டைங்கப்பா" என்றேன்.

பிறகு அதைப் போட்டுக்கொண்டேன். மேலே படங்கைக் கட்டினேன். மலைக்கு ஏறினேன். அன்று யாரும் என்னைக் கேலி செய்யவில்லை, அதனால்தான் அழுகை வந்தது.

அவன் கந்தப்பளைச் சந்தியில் வெல்டிங் செய்கிறான். வேதக்காரர்கள், அம்மாவின் பெயர் பெற்றீசியா. கேட் வேலைக்கு வந்த அன்று பெருமழை. என் கூடையில் கொழுந்து நனைகிறது என்று சட்டையைக் கழற்றி மூடக் கொடுத்தான். திருப்பிக் கொடுக்கப் போனேன். அடுத்த கிழமையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஏழெட்டுத் தடவை போனேன், சட்டை மட்டும் திரும்பவில்லை. அத்தை தீபாவளிக்கு வந்து பெட்டியைக் கிளறுவாரே என்று உன் பார்சலில் ஒளித்து வைத்தேன். கொழும்பில் கிடந்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். உனக்குக் கண் இருக்கிறது என்பது மறந்துபோனது.

நீ கேட்டபோது ஏழு வாரம் யோசித்தேன். விட்டுவிடாதே என்று எழுதினேன். நான் கேட்டது ஒரு அடையாளம், நீ விளக்கையே ஏற்றிவிட்டாய். உன்மேல் கோபமில்லை. என் வாயால் எந்தக் காலத்திலும் வந்திருக்காது.

அத்தை ஞாயிறு வந்தார். தட்டை இறக்காமலே திரும்பிவிட்டார்.

அக்கா,
பிரியந்தி


வெள்ளவத்தை
22.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

உன் கடிதத்தை பஸ்ஸில் நின்றபடி வாசித்தேன், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். பெரட்டை நான் எப்படி மறந்தேன்? அழகாக இருக்கிறதா என்பது மட்டும்தான் என் தலையில் இருந்தது. உன்னைக் கேட்காமல் உன் ரகசியத்தை மேசையில் விரித்து அளந்தேன், எண்ணினேன், நூல் போட்டேன். மன்னித்துக்கொள்.

மேடைக்குத் தைத்ததை எடுத்துவிட்டேன். மிஸ்ஸிடம் ஐந்து உடுப்புகள்தான் என்றேன். ஏன் என்று கேட்டார், அது என்னுடையதில்லை என்று சொன்னேன். புள்ளி குறையும், குறையட்டும். நீ சரி என்றால் மட்டும்தான் அது வெளியே வரும்.

அப்பாவுக்குத் தனியாக எழுதினேன். குற்றம் என் ஊசியுடையது, அக்காவுடையது இல்லை என்று. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் தங்கச்சி,
ஷாமிலா


மேற்பிரிவு, கந்தப்பளை
18.03.2025

மகள் ஷாமிலாவுக்கு,

அப்பா பழனியாண்டி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்தது. குற்றம் ஊசி மேல் என்று எழுதியிருந்தாய். ஊசியோடு எனக்கு ஒரு வழக்குமில்லை.

என் கூடப்பிறந்தவள் இனி என் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது எனக்கு வலிக்கிறது. கொடுத்த வாக்கை மீறியவன் என்று உடப்புசல்லாவையில் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். அதுவும் வலிக்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேலாக உன் அக்கா அந்தச் சட்டையைத்தான் தினமும் போட்டுக்கொண்டு போகிறாள். எதிர் மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டு நான் பார்க்கிறேன். குனிகிறாள், நிமிர்கிறாள், கூட்டத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்று தேட வேண்டியதே இல்லை. அவள் அம்மாவும் என் சட்டையோடு முதல் நாள் வந்தபோது இப்படித்தான் தெரிந்தாள்.

முந்தாநாள் ஞாயிறு, அவர்கள் பூசை முடிந்து அந்தப் பையனும் தாயும் வந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். அவர்களுக்கு இப்போது தவக்காலமாம், உயிர்த்த ஞாயிறு போகட்டும் என்றார் அந்த அம்மா. சித்திரை கடைசியில் பார்ப்போம் என்றேன்.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை நம் பக்கம் கொடுக்க வேண்டும். கடைச் சட்டை அவனுக்கு எட்டாது. கோப்பையை வாங்கக் கை நீட்டியபோது பார்த்தேன், மணிக்கட்டு வெளியே நிற்கிறது. உன் அக்காவிடம் அளவு கேட்கலாம். ஆறு வாரமாகப் பேசாதவன் முதல் வார்த்தையாக அதைக் கேட்டால் அவள் அழுதுவிடுவாள். நானும் அழுதுவிடுவேன்.

நீ அந்தச் சட்டையைப் பிரித்து அளந்திருக்கிறாய். நீயே தைத்துவிடு. வெள்ளைத் துணி எடு. வேலை செய்கிற பையன், கை தாராளமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா